டூம் மூலநிரல் வெளியீடு: ஒரு விமர்சன நோக்கு

கலைப்படைப்பொன்று சந்தைக்கு வரும்பொழுது அதன் எக்கூறு விலைபெறுகின்றது என்னும் வினா திறனாய்வாளர்க்குப் புதியதன்று. கணினி விளையாட்டுத் துறையில் அவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது டூம் என்னும் விளையாட்டாகும். அமெரிக்காவின் ஐடி சொஃப்ட்வெயர் நிறுவனம் 1993 டிசெம்பரில் அதனை வெளியிட்டது. 1997 டிசெம்பரில், நிரலாளர் எழுதிய மூலநிரலையும் யாவரும் படிக்குமாறு பொதுவில் வைத்தது. இயந்திரத்தின் வரைபடத்தையே வழங்கிவிட்ட வணிகன் இனி எதனை விற்பான் என வினவத் தோன்றும். ஆயினும் டூம் இன்றும் விலைக்கு விற்கப்படுகின்றது.

இதற்கான விடை அவ்விளையாட்டின் அமைப்பிலேயே உளது. காட்சியை வரைந்து ஆட்டத்தை இயக்கும் நிரல் ஒரு கூறு. அரங்குகள், அரக்கர் உருவங்கள், ஓசைகள் என்பன அடங்கிய களஞ்சியக் கோப்பு மற்றைய கூறு. நிறுவனம் திறந்துவைத்தது முன்னதனை மட்டுமே. பின்னதன் பதிப்புரிமையை அது கைவிடவில்லை. ஆகவே, ஆர்வலர் புதிய கணினிகளுக்கேற்பத் திருத்திய நிரலை ஒருவர் இலவசமாகப் பெறலாம். டூமின் முழுக் களஞ்சியத்தையோ விலைகொடுத்தே பெறல் வேண்டும்.

நிரலை வெளியிட்ட காலமும் கவனத்திற்குரியது. 1996இல் வந்த குவேக் விளையாட்டின் நிரலுக்கு உரிமம் பெற்று, அதனை மாற்றியமைத்தே வால்வ் நிறுவனம் 1998இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டை ஆக்கியது. குவேக் நிரல் பொதுவில் வந்தது 1999 டிசெம்பரிலேயாம். 1999இல் விற்பனைக்கு வந்த குவேக் III அரீனாவின் நிரல் 2005இல்தான் வெளியாயிற்று. அதற்குள் டூம் 3 சந்தையை அடைந்திருந்தது. எனவே இவற்றைத் தூய கொடையெனப் போற்றுவோர் கூற்று முழுமையானதன்று. குத்தகை வற்றிய வயலே பொதுநிலமாயிற்று. மேலும், குவேக் நிரல் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியானமையால், அதனை மாற்றி விநியோகிப்போர் தம் நிரலையும் திறந்துவைத்தல் வேண்டும். அதற்கு இணங்காத நிறுவனம் உரிமையாளரிடம் தனியுரிமம் வாங்கவேண்டியதே.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. வலையமைப்பினூடாகப் பலர் எதிர்த்தாடும் விளையாட்டில் நிரல் திறக்கப்படின் ஏமாற்றி ஆடுவோர்க்கு வழி எளிதாகும். குவேக் வெளியீட்டின்பின் நிகழ்ந்ததும் இதுவே.

இவை யாவற்றினும் முதன்மையான வினா உழைப்பைப் பற்றியது. டூம் நிரலை அடிப்படையாகக் கொண்டு ஆர்வலர் 1998இல் பூம் என்னும் விரிவாக்கத்தைப் படைத்தனர். 2024இல் விற்பனைக்கு வந்த டூமின் புதிய பதிப்பு அவ்விரிவாக்கத்தின் வசதிகளை ஏற்றுக்கொண்டது. ஊதியமற்ற உழைப்பு ஒரு பண்டத்தின் ஆயுளை நீட்டிற்று. அதன் இலாபம் உரிமையாளரைச் சேர்ந்தது. ஆர்வலர் பெற்றது பயிலவும் திருத்தவுமான சுதந்திரம். இப்பரிமாற்றம் சமமானதன்று, எனினும் வெறுங்கையானதுமன்று. பூட்டிய பேழையில் மறையும் நிரலால் எவரும் எதனையும் கற்பதில்லை. அதன் உரிமையாளரும் எதனையும் ஈட்டுவதில்லை. அறிவைப் பொதுவாக்கிக் கலையை விலைக்கு வைத்த இவ்வழி பின்பற்றத்தக்கதே. ஆயின், பழம்படைப்பை உயிர்ப்பித்தோர்க்கு அவ்வருவாயில் ஒரு பங்கு உரித்தாகும்வரை அது நியாயமான வழியெனக் கொள்ளற்பாலதன்று.