‘கத்தரீனா புளுமின் இழந்த மானம்’: ஒரு விமர்சனக் குறிப்பு

தீவிரவாத இயக்கத்தினரைப் பொருளாகக் கொண்ட குற்றப்படங்கள் பெரும்பாலும் துப்பாக்கியையும் துரத்தலையுமே நம்பி நிற்பவை. வோல்கர் ஷ்லொண்டோர்வ், மார்கரெத் வொன் ட்ரோற்றா ஆகிய இருவரும் 1975இல் மேற்கு ஜேர்மனியில் நெறிப்படுத்திய இப்படம் அவ்வழியினின்றும் விலகியது. ஹைன்றிஷ் பொல் 1974இல் வெளியிட்ட நாவலே இதற்கு மூலம். 1971 டிசெம்பரில் நிகழ்ந்த வங்கிக் கொள்ளையொன்றை, விசாரணை முடியுமுன்னரே பாடர்–மைன்ஹொவ் குழுவின் மீது சுமத்தித் தலைப்பிட்டது ‘பில்ட்’ பத்திரிகை. அதனைக் கண்டித்து 1972 ஜனவரியில் ‘டெர் ஸ்பீகல்’ இதழில் எழுதிய பொல், பயங்கரவாதத்தின் அனுதாபி எனத் தூற்றப்பட்டார். நாவலின் சினத்துக்கு ஊற்று இதுவே.

கதை எளிது. வீட்டுப் பணிகள் செய்து பிழைக்கும் கத்தரீனா, கார்னிவல் காலத்து விருந்தொன்றிற் சந்தித்த லுட்விக் என்பவனைத் தன் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறாள். மறுநாட் காலை ஆயுதந் தாங்கிய பொலிசார் உள்ளே பாய்கின்றனர், அவனோ தப்பிவிட்டான். பின்னர் விசாரணை, பத்திரிகைச் செய்தி, அநாமதேயக் கடிதங்கள். ஈற்றில் நிருபர் ரொட்கஸை அவள் சுட்டுக் கொல்கிறாள்.

அரச அதிகாரமும் வர்க்க நோக்கும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்பது விசாரணை மேசையிலேதான் துலங்குகிறது. அவளது காரோடிய தூரத்துக்குக் கணக்குக் கேட்கின்றனர். தனிமை தாளாது மழை நாட்களில் இலக்கின்றிக் காரோட்டித் திரிந்ததாக அவள் கூறுவது அவர்களுக்கு விளங்குவதில்லை. பணிப்பெண் ஒருத்திக்குச் சொந்த வீடும் காரும் தனிமையும் இருத்தல் கூடுமென்பதே அவர்களுக்கு ஐயத்துக்குரியது. மரணப் படுக்கையிலிருக்கும் தாய் வினாவாகக் கேட்டதை, மகளைக் குற்றஞ்சாட்டும் கூற்றாக நிருபர் திருத்திவிடுகிறார். எளிய மக்களின் எண்ணத்துக்குத் தாம் சொல்வடிவம் கொடுத்ததாக வேறு அவர் விளக்குகிறார்! கீழ்த்தட்டு மாந்தரின் குரல் அச்சேறும்போது யாருடையதாகிவிடுகிறது என்பதற்கு இதனிலும் கூரிய சித்திரிப்பைக் காண்டல் அரிது.

எனினும் படத்தின் பெருங்குறை லுட்விக்கே. நாவலில் அவன் படையை விட்டோடி, இராணுவப் பணத்தைக் களவாடியவன், அரசியற் போராளியல்லன். திரையிலும் அவனது கொள்கை இருளிலேயே விடப்படுகிறது. எனவே கத்தரீனாவின் மீது எமக்கு எழும் பரிவு மலிவாகவே பெறப்படுகிறது. அவன் மெய்யாகவே குண்டு வைத்தவனாயின், அவளது உரிமை குறைந்துபோகுமா? குறையாதெனின், அக்கடினமான நிலையையல்லவா கலைஞர் எம்முன் வைத்திருத்தல் வேண்டும்? படத்தின் பொருள் பத்திரிகையே, போராளியல்ல எனச் சிலர் விடையிறுப்பர். ஆனால் சந்தேகத்துக்குரியவன் வெறுமையாயிருக்கும்போது பத்திரிகையின் பொய்யும் சுலபமான பொய்யாகிவிடுகிறது. மெய்யும் திரிபும் கலந்த செய்தியே ஆபத்து மிக்கது. ‘பில்ட்’ கையாண்டதும் அதனையே.

2008இல் ஊலி ஏடெல் நெறிப்படுத்திய ‘பாடர் மைன்ஹொவ் கொம்ப்ளெக்ஸ்’ இதற்கு நேர்மாறான குறையுடையது. கொள்ளை, குண்டு, சிறை எனப் போராளிகள் அங்கே திரையை நிறைக்கின்றனர். கத்தரீனா போன்றாருக்கோ இடமில்லை.

1975இன் படத்தில் நாவலிலில்லாத இறுதிக் காட்சியொன்று உண்டு. ரொட்கஸின் சவ அடக்கத்தில், அவர்மீது பாய்ந்த குண்டுகள் பத்திரிகைச் சுதந்திரத்தின் மீதே பாய்ந்தவை என்ற பொருள்பட உரை நிகழ்த்தப்படுகிறது. அங்கதம் சற்றுத் தடித்ததுதான். ஆயினும் நாவல் ஒரு பெண்ணின் மானத்துடன் நிற்குமிடத்தில், படம் அம்மானத்தைப் பறித்தோரின் கைகளில் உயரிய சொல்லொன்று எவ்வாறு பத்திரமாயிருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.