கொன்றவர்கள் இல்லாத கதை

ஐரோப்பாவில் நாஜிகள் கொன்ற யூதர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். பெரியவர்களுக்கே பிடிபடாத கணக்கு இது. அதனால்தான் பள்ளிகளில் ஒரே ஒரு பிள்ளையின் கதையைக் கையில் எடுக்கிறார்கள். பெரும்பாலும் அது ஆன் ஃபிராங்க்.

நல்ல வழிதான். ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த இடத்தில் அம்மாவோடு மல்லுக்கு நின்ற, அறைச் சுவரில் சினிமா நட்சத்திரங்களின் படங்களை ஒட்டிவைத்த சிறுமியை எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பிடித்துப்போகும். பிணக்குவியல் படங்களைக் காட்டினால் பிள்ளையின் தூக்கம்தான் கெடும். செத்தவர்கள் யார் என்பது அதில் தெரியாது.

ஆனால் அவளுடைய நாட்குறிப்பு 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. மூன்றே நாளில் கைது. பிறகு ஆஷ்விட்ஸ், 1945-இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் சாவு. ஆசிரியர் எடுத்துச் சொல்லாவிட்டால், அவள் என்ன ஆனாள் என்றே தெரியாமல் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

கற்பனைக் கதைகளில் சிக்கல் இன்னும் பெரிது. ஜான் பாய்ன் 2006-இல் எழுதிய, கோடுபோட்ட பைஜாமா அணிந்த சிறுவனைப் பற்றிய நாவலில், முகாம் அதிகாரியின் மகனும் வேலிக்கு அப்பாலிருக்கும் யூதச் சிறுவனும் நண்பர்களாகிறார்கள். உண்மையில் ஆஷ்விட்ஸில் இறக்கப்பட்ட யூதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வந்தவுடனேயே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். வேலியோரம் உட்கார்ந்து பேச அவர்களுக்கு நாள் ஏது? அதைவிட என்னை உறுத்துவது, முடிவில் வாசகர் அழுவது அதிகாரியின் மகனுக்காக என்பது. அவன் தவறுதலாகச் செத்தான் என்று கலங்கும்போது, மற்றவர்கள் செத்ததில் தவறே இல்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. இந்த நாவலைத் தவிர்க்கும்படி 2020-இல் ஆஷ்விட்ஸ் நினைவகம் சொன்னது சரியே.

கற்பனைக்குத் தேவையும் இல்லை. தெரெசின் முகாமில் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற பெண் ஓவியர் குழந்தைகளுக்கு ரகசியமாகப் பாடம் நடத்தினார். வரைந்த படங்களில் அவரவர் பெயரை எழுதவைத்தார். இரண்டு பெட்டிகளில் தப்பிப் பிழைத்த சுமார் 4,500 படங்கள் இன்று பிராகில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். 1944-இல் ஆஷ்விட்ஸில் அவரும். ஒரு படத்தையும் அதன் மூலையிலுள்ள பெயரையும் வைத்துக்கொண்டே ஒரு வகுப்பு நடத்தலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெரிய ஓட்டை மிச்சம். இந்தப் பாடங்களில் பாதிக்கப்பட்டவருக்கு முகம் இருக்கிறது, செய்தவருக்கு இல்லை. எல்லாப் பழியையும் ஹிட்லர் என்ற ஒருவர் தலையில் கட்டி முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஹாம்பர்க் நகரில் யூதர் வீட்டுச் சாமான்கள் பகிரங்கமாக ஏலம் போயின. கட்டில், நாற்காலி, துணிமணி என்று வாங்கிப் போனவர்கள் சாதாரணக் குடும்பத்தார். ஆன் குடும்பத்துக்கு ஈராண்டுகள் உணவு கொண்டுவந்த மீப் கீஸும் சாதாரண அலுவலக ஊழியர்தான். பத்து வயதுப் பிள்ளையிடம் நச்சுவாயுவைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை; அந்த ஏலத்தைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். அதில் ரத்தம் இல்லை. "அந்த நாற்காலி யாருடையது என்று வாங்கினவங்களுக்குத் தெரியுமா?" என்று பிள்ளை கேட்டால், "தெரியும்" என்று ஆசிரியர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்.