முதலில் ரூட், அப்புறம் பூட்

படுத்துவிட்ட லினக்ஸை எழுப்புவதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. தேர்ந்த ஒரு கை மவுண்ட் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நான் பார்த்தது ஐஐடிக்குள், கஜேந்திரா சர்க்கிள் பக்கம், ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறையில். சென்னை லினக்ஸ் பயனர் குழு இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடிய இடம். அப்டேட் பாதியில் கரண்ட் போய், இனிட்ஆர்டி எழுதப்படாமல் நின்ற என் சிபியுவைப் போர்வையில் சுற்றி அடையாறிலிருந்து ஆட்டோவில் கொண்டுபோயிருந்தேன். திரையில் அந்தப் பழைய ஒப்பாரி: ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்நோன் பிளாக் பூஜ்யம், பூஜ்யம்.

முந்தின இரவே வீட்டில் நாப்பிக்ஸ் சிடி போட்டு, ரூட்டை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் பண்ணி, சிஹெச்ரூட்டுக்குள் போய் இனிட்ஆர்டியைப் புதிதாக உருவாக்கிவிட்டேன். ஒரு பிழைச்செய்தியும் இல்லை. ரீபூட் செய்தால் மறுபடி அதே ஒப்பாரி.

அங்கே வரும் பெரியவர் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு, ரூட்டை மட்டும் ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தார். எஃப்எஸ்டேபைத் திறந்து ஜாதகம் பார்ப்பதுபோல் வரிவரியாகப் படித்தார். "பூட் தனிப் பார்ட்டிஷன்ல இருக்கே தம்பி, அதை மவுண்ட் பண்ணியா?" பண்ணவில்லை. இனிட்ஆர்டி போய் விழுந்தது ரூட்டுக்குள் இருந்த காலி பூட் டைரக்டரியில். க்ரப் தேடும் இடமோ வேறு.

அவர் பூட்டை அதன் இடத்தில் மவுண்ட் செய்து, கர்னல் ஒவ்வொன்றுக்கும் ஜோடி இனிட்ஆர்டி இருக்கிறதா என்று எண்ணினார். ஒன்றுக்கு இல்லை. அதற்கப்புறம்தான் ரூட்டை ரீட்-ரைட் ஆக்கினார், பைண்ட், சிஹெச்ரூட் எல்லாம். இந்த வரிசைதான் எனக்குச் சங்கதி. பூட்டை முதலில் மவுண்ட் செய்து, அதன் தலைமேல் ரூட்டை மவுண்ட் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எதுவும் அழியாது, மறைந்துபோகும். அழிந்துவிட்டதாக நினைத்து அலறுவார்கள்.

ரீஇன்ஸ்டால் அரைமணி நேர வேலை, ஹோம் தனியாகத்தானே இருக்கிறது என்பது ஒரு கட்சி. கணக்கு சரிதான், என்ன கெட்டது என்பது கடைசிவரை தெரியாது. க்ரப் ரெஸ்க்யூ ப்ராம்ப்டிலேயே ப்ரிஃபிக்ஸ் கொடுத்து நார்மலை ஏற்றிக் கிளப்புகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். பூட்-ரிப்பேர் பட்டனை அமுக்குபவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

2011இல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த மாணவர் லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸை மறுபடி போட்டால் அது தன் லோடரைத் திணித்துக்கொள்ளும். பாஸ் அலுங்காமல் உள்ளேயே கிடக்கும். மவுண்ட் செய்து க்ரப்பைத் திரும்பப் பதிக்கப் பத்து நிமிடம். எத்தனை பேர் செய்திருப்பார்கள்? இப்போது பல இன்ஸ்டாலர்கள் தாமே எல்லாவற்றையும் ஒரே பார்ட்டிஷனில் கொட்டுகின்றன, தனியாக மிஞ்சுவது இஎஃப்ஐ மட்டும். ஆர்ச்காரர்களின் ஸ்கிரிப்டோ பைண்ட் வேலையையும் தானே பார்த்துக்கொள்கிறது. மறப்பதற்குக்கூட வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு வரிசை எப்படிப் படியும்?

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறிய வாரம், அந்தப் பழைய சிபியுவைப் பரணிலிருந்து இறக்கி டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி பெட்டியில் போட்டு லேப்டாப்பில் சொருகினேன். போட்டோக்கள்தான் தேவை என்பதால் ரூட்டை மட்டும் மவுண்ட் செய்தேன். பழக்கதோஷத்தில் அதற்குள் இருந்த பூட் டைரக்டரியையும் எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு ஃபைல், இனிட்ஆர்டி. தேதி 2009 ஜூன், இரண்டாம் சனிக்கு முந்தின இரவு. அந்தச் சிபியு ஓடிய காலமெல்லாம் அது தினமும் மவுண்ட் ஆன பூட்டுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது.

அதை அழிக்கவில்லை.