பகல்நேரத் தொடர்களின் எழுத்துப் பட்டறை

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பகல்நேரத் தொடர்கள் வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டு முழுவதும் ஓடியவை. தனி ஒருவர் எழுதி மாளாத அளவு அது. அதனால் எழுத்து வேலை பங்கு போடப்பட்டது. தலைமை எழுத்தாளர் பல மாதங்களுக்கான கதைப்போக்கை வகுப்பார். அடுத்த நிலையினர் அதை நாள்வாரியாக, காட்சிவாரியாகப் பிரிப்பார்கள். அதற்கும் கீழே உள்ளவர்கள் வசனம் எழுதுவார்கள். பிராங்க், ஆன் ஹம்மர்ட் தம்பதியர் வானொலிக் காலத்திலேயே இம்முறையை ஏறக்குறைய ஒரு தொழிற்சாலையாக்கிவிட்டிருந்தனர்.

இதன் பெரும்பலன் தொடர்ச்சி. இர்னா பிலிப்ஸ் உருவாக்கிய ‘கைடிங் லைட்’ 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை நீடித்தது. பட்டறை வாரிசுகளையும் வளர்த்தது: பிலிப்ஸிடம் தொழில் கற்ற ஆக்னஸ் நிக்சனும் வில்லியம் பெல்லும் பின்னாளில் சொந்தத் தொடர்களைப் படைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் ‘கைடிங் லைட்’டின் பெர்ட் பாவருக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாக நிக்சன் எழுதினார். புற்றுநோய், கருப்பை ஆகிய சொற்களே வரக்கூடாது என்று நிபந்தனை. அச்சொற்கள் இல்லாமலே, பெண்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதைப் புரியவைத்தார். ஆண்டுக்கணக்கில் பழகிய பாத்திரம் என்பதால்தான் அது எடுபட்டது. ஒரு தனி நாடகத்தால் இதைச் செய்திருக்க முடியாது.

குறையும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. தலைமை எழுத்தாளர் மாறினால் பாத்திரத்தின் குணமும் மாறிவிடும். வசனம் எழுதுபவருக்கு அதைத் தடுக்க அதிகாரமில்லை. பார்வையாளர் எண்ணிக்கையும் கதையை வளைத்தது. ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ தொடரில் 1979இல் லாராவை லூக் வன்புணர்ந்தான். ஜோடி பிரபலமாகிவிடவே அந்தக் குற்றம் காதலாகத் திரிக்கப்பட்டு, 1981இல் அவர்களது திருமணத்தை ஏறத்தாழ 3 கோடிப் பேர் பார்த்தனர். கதை அந்தக் குற்றத்தை நேராக எதிர்கொண்டது 1998இல்தான். வணிக வெற்றி எவ்வளவு பெரிதானாலும் எழுத்தின் கணக்கில் இது தோல்வியே.

இந்த மாற்றங்களுக்கு நடுவே பாத்திரத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் நடிகர்கள். ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ தொடரின் முதல் வசனத்தை 1956இல் பேசிய ஹெலன் வாக்னர், சில இடைவெளிகள் நீங்கலாக, 2010 வரை நான்சி ஹியூஸாகவே நடித்தார். அவர் காபி ஊற்றும் விதம் பிடிக்கவில்லை என்று தொடக்கத்திலேயே பிலிப்ஸ் அவரை நீக்கியதாகச் சொல்வார்கள். (பிறகு திரும்ப அழைக்கப்பட்டார்.) ஒப்பந்தங்களும் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்திருந்தன: நடிகர் ஆண்டுக்கணக்கில் கட்டுப்பட்டிருப்பார், நிறுவனமோ 13 வாரச் சுற்று முடிந்ததும் அவரை விலக்கலாம். விலக்கிய இடத்தில் வேறொருவர் அதே பெயரில் வந்து நிற்பார். அறிவிப்பாளரின் ஒற்றை வரியோடு கதை தொடரும். அதே தொடரில் லிசாவாக நடித்த ஐலீன் ஃபுல்டன், தன் பாத்திரத்தைப் பாட்டியாக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். அவ்வளவு பேரம் பேசும் பலம் அவருக்கு இருந்தது. பெரும்பாலோருக்கு 13 வாரக் கணக்குதான்.