தேய்ந்த தட்டும் தேயாத நினைவும்

பழைய இசைத்தட்டுகளுக்கு இன்று புதிய மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. பரண்மீது தூசி படிந்து கிடந்தவையும், எடைக்குப் போடப்பட்டவையும் இப்போது தேடித் தேடி வாங்கப்படுகின்றன. 1985இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் அரிய தட்டு ஒன்றிற்காகக் கடைகடையாய் ஏறி இறங்கியவர்களின் கதைகளை இன்றும் வியப்போடு சொல்லுகிறார்கள். திருக்கோவிலூர் வட்டாரத்திலும் திருவிழா நாள்களில் பெரியவர்கள் கூடினால், "அந்தக் காலத்து ரிக்கார்டு போல வருமா?" என்னும் பெருமூச்சு கேளாதிருப்பதில்லை. இப்பெருமூச்சினை எள்ளி நகையாடுதல் எளிது. அதனோடு சேர்ந்து உருகுதல் அதனினும் எளிது. நாம் இரண்டையும் தவிர்த்து, இந்த ஏக்கத்தின் உட்பொருள் யாது, அதனுள் பொன் எவ்வளவு, பித்தளை எவ்வளவு என்று உரைத்துப் பார்க்க விழைகிறோம்.

முதலில் தட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் இந்தியக் கலைஞர்களின் குரல்களை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1908இல் அந்நகரின் சியால்டாப் பகுதியில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை எழுந்தது. நம் நாட்டு மரங்களில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் அரக்கே அத்தட்டுகளின் உயிர்ப்பொருள். நிமிடத்திற்கு 78 சுற்று. ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். இரவு முழுவதும் இராகத்தை விரித்துப் பழகிய வித்துவான்கள் அந்த மூன்று நிமிடத்திற்குள் தம்மைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. சுருக்கம் கலையைக் கொன்றுவிடவில்லை. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டவர்கள் அதற்குச் சான்று பகர்வர். 1933இல் தமது 27ஆவது வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலை நாம் அறிவதும், 1938இல் மறைந்த வீணை தனம்மாளின் விரல்களை நாம் கேட்பதும் அந்த அரக்கின் தயவாலேயே. சாவை வெல்லும் ஆற்றல் தட்டிற்கு இல்லை. ஆயினும் மறதியைச் சிறிது காலம் வாசலில் நிறுத்திவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

எனினும், ஏங்குபவர்கள் இன்று நினைவுகூர்வது தட்டை மட்டுமன்று, கேட்ட முறையையுமே. தென்பெண்ணைக் கரைச் சிற்றூர்களில் இசைத்தட்டை வீட்டில் வைத்திருந்தோர் மிகச் சிலர். கலியாண வீட்டுப் பந்தலிலும், கோயில் கொடியேற்றத்திலும், நம் ஆலயத் தேர்பவனியிலும் மைக் செட்காரர் தென்னையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியே ஊருக்குச் சங்கீத சபையாயிற்று. நுழைவுச் சீட்டு இல்லை. முன்வரிசை, பின்வரிசை இல்லை. சபாவுக்குள் கால்வைக்க இயலாதிருந்த உழைப்பாளி கரும்புத் தோட்டத்தில் நின்றபடியே கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் கேட்டான். 1965இல் வந்த திருவிளையாடல் படத்தின் வசனத்தைத் தட்டின் வழியாகவே மனப்பாடம் செய்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். காதைத் துளைக்கும் அவ்வொலியால் நோயாளிகளும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் பட்ட அவதியையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று உறுதி: அன்று பாட்டு ஒருவர் காதில் செருகிக்கொள்ளும் தனியுடைமையாக இல்லை. ஊரார் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டனர். ஏக்கத்தின் பொன் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

இவ்வேக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் வடபகுதியில், ஆலைத் தொழிலாளர் வாழும் ஊர்களில், 'நார்தர்ன் சோல்' என்றொரு இயக்கம் தோன்றியது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் 1960களில் பாடி, தம் நாட்டுச் சந்தையில் விலைபோகாது ஒதுக்கப்பட்ட சிறு தட்டுகளைத் தேடியெடுத்து, அந்த இளைஞர்கள் விடியும்வரை ஆடினார்கள். விகன் நகரத்துக் கசினோ என்னும் மன்றத்தில் 1973 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர்வரை இத்தகைய இரவுகள் நிகழ்ந்தன. கட்டுவோர் புறக்கணித்த கல்லே மூலைக்கல் ஆனதைத் திருநூலில் வாசிக்கும் நமக்கு, இதில் நெஞ்சைத் தொடும் ஒன்று இருக்கிறது. தோற்றுப்போன பாடகன் தான் அறியாத நாட்டில், தான் அறியாத ஏழைப் பிள்ளைகளால் வாழ்த்தப்படுகிறான்.

ஆனால் அவ்வியக்கத்தினுள் ஒரு புழுவும் இருந்தது. தம்மிடமுள்ள அரிய தட்டு எதுவெனப் பிறர் அறியாதபடி, தட்டு சுழற்றுவோர் அதன் முகப்புச் சீட்டை மறைத்துப் பொய்ப்பெயர் சூட்டினர். உண்மையில் பாடியவனின் பெயர் மறைந்தது. பிராங்க் வில்சன் என்பவர் 1965இல் பாடிய ஒரு தட்டு முறையாக வெளியிடப்படாமலேயே பெரும்பாலும் அழிக்கப்பட்டது. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. அந்த விலை பாட்டின் இனிமைக்கா, அல்லது பிறரிடம் அது இல்லை என்பதற்கா? விளக்கைக் கொளுத்தி மரக்காலின் கீழ் வைப்பவன் அதன் வெளிச்சத்தை நேசிக்கிறான் என்று சொல்ல முடியுமா?

அரிய தட்டுக்கு உள்ள ஒரு முரண்பாட்டையும் இங்கே கருதவேண்டும். எஃகு ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் அரக்குத் தட்டின் வரிப்பள்ளத்தைச் சிறிது தேய்க்கிறது. ஆகவே, ஊரார் மிகுதியாக நேசித்த தட்டு கீறலும் இரைச்சலுமாகத் தேய்ந்துபோனது. கீறல் படாமல், உறை கிழியாமல் நம்மிடம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் எவரும் கேளாத தட்டே. சந்தை பின்னதற்கு அதிக விலை தருகிறது. அன்பின் கணக்கோ முன்னதையே உயர்வாக மதிக்கும். தன்னைக் காத்துக்கொள்ளாமல் தேய்ந்துபோவதே வாழ்வு என்று கோதுமை மணியை உவமையாக்கி நமக்குக் கற்பித்தவரின் சீடர்கள் நாம்.

இனி, நம் கத்தோலிக்க மக்கள் மறக்கவியலாத ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். 1948இல் சிட்டாடல் நிறுவனம் 'ஞானசௌந்தரி' படத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் அக்கதையைப் படமாக்கியது. நிலைத்தது சிட்டாடலின் படமே. கைகள் வெட்டுண்ட பெண் தேவமாதாவின் அருளால் அவற்றை மீளப்பெறும் கதை அது. எஸ்.வி. வெங்கட்ராமனின் இசையில், ஞானசௌந்தரி தேவமாதாவை நோக்கிப் பாடும் பாடல் தமிழகமெங்கும் ஒலித்தது. நம் பங்குகளின் திருவிழாக்களில் அத்தட்டு சுழலாத இடமில்லை எனலாம். அதனைச் சிறுமியின் குரலில் தொடங்குபவர் ஜிக்கி. அதே பாடலை வளர்ந்த பெண்ணின் குரலில் தொடர்பவர் பி.ஏ. பெரியநாயகி. பெரியநாயகி நம் அண்டை ஊரான பண்ருட்டிப் பக்கத்தவர். 1945இல் 'ஸ்ரீ வள்ளி' படத்தில் நாயகிக்குப் பின்னணி பாடிப் புகழ்பெற்றவர்.

இப்பாடலின் சிறப்பு யாது? இசையின் இனிமை ஒருபுறம் இருக்கட்டும். ஒரே மன்றாட்டு நடக்கும்போதே சிறுமி பெண்ணாகிறாள். ஆண்டுகள் கழிகின்றன, குரல் மாறுகிறது, மன்றாட்டு மாறவில்லை. பாடலின் நடுவே காலம் கடந்துபோவதை நாம் செவியால் உணர்கிறோம். சங்கீதம் ஒன்றை ஓதத் தொடங்கும்போது எதிர்பார்ப்பில் இருப்பது, ஓத ஓத நினைவுக்குள் செல்லுகிறது என்று காலத்தைப் பற்றி ஆராயும்போது புனித அகுஸ்தினார் எழுதினார். அவர் நீண்ட தத்துவத்தால் விளக்கியதை இந்தப் பாடல் ஒரு குரல்மாற்றத்தால் காட்டிவிடுகிறது. வணிகத்திற்காக எடுக்கப்பட்ட படத்தின் பாடல், பாடியவரின் சமயத்தையும் கடந்து, நம் பாட்டிமாரின் செபமாகிவிட்டது. அருள் தான் விரும்பிய வழியில் பாயும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

குறையையும் சொல்லவேண்டும். இப்பாடலின் கண்ணீரை மட்டும் நாம் பற்றிக்கொண்டோம். கதையின் நடுவிலுள்ள அநீதியை மறந்தோம். வெட்டப்பட்ட கைகள் புதுமையால் திரும்பின என்று மகிழ்ந்தோமே தவிர, வெட்டிய கைகளைப் பற்றிக் கேட்கவில்லை. பழம்பாட்டு இவ்வாறு நம்மைத் தாலாட்டிவிடும் ஆபத்து உண்டு. இசையின்பம் பொருளை மிஞ்சி நிற்கும்போது தம் நெஞ்சம் குற்றமுறுத்துவதாக அகுஸ்தினாரே அறிக்கையிட்டிருக்கிறார்.

ஏக்கத்திலும் இருவகை உண்டு. பாலைநிலத்தில் நடந்த இஸ்ரயேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதனர். அங்கே சுமந்த செங்கல்லை நினைக்கவில்லை. இது முதல்வகை. பழைய நாள்கள் இன்றைய நாள்களைவிட மேலானவையாய் இருந்ததேன் என்று வினவுவது ஞானமன்று எனச் சபை உரையாளர் இடித்துரைப்பது இதனையே. குழாய் ஒலிபெருக்கியின் காலத்தைப் பொற்காலம் என்போர், அக்காலத்தில் ஊரும் சேரியும் பிரிந்திருந்ததையும், சில ஆலயங்களிலும் அப்பிரிவினை நிலவியதையும் உடன் நினைத்தல் வேண்டும். பாட்டு இரு பக்கமும் சமமாகக் கேட்டது. தேர் இரு பக்கமும் சமமாகப் போகவில்லை.

இரண்டாம் வகை ஏக்கத்திற்கு நம் மண்ணே இலக்கணம் தந்திருக்கிறது. பாரி மறைந்தபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துவந்தது திருக்கோவலூர் என்பர். பெண்ணையாற்றில் நிற்கும் கபிலக்கல்லும், இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் அக்கதையைத் தாங்கி நிற்கின்றன. அம்மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 112ஆம் பாட்டு ஐந்தே அடி. அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் அருகருகே வைத்து, இடையில் இழந்தவை இவை என்று பெயர் சொல்லுகிறது: தந்தை, குன்று. அவ்வளவே. பழைய சுகங்களைப் பட்டியலிடவில்லை. இழப்பையும் அதற்குக் காரணமானவரையும் தெளிவாகச் சுட்டுகிறது. உண்மையான நினைவு இப்படித்தான் பேசும். ஆண்டவர் தம் நினைவாகச் செய்யுமாறு பணித்ததும் பழங்காலத்தைப் போற்றி உட்கார்ந்திருப்பதற்கன்று. அப்பத்தை இன்று பிட்டு இன்று பகிர்வதற்கே.

இந்த அளவுகோலால் பார்த்தால், நாம் அழவேண்டிய அரிய பாட்டு எது? தட்டில் பதிந்தது எங்கேனும் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் இருக்கும். தட்டில் பதியாததோ? கம்பெனிகள் விலைபோகும் குரல்களையே பதிந்தன. கல்வராயன் மலைவாழ் மக்கள் தம் விழாக்களில் பாடியவை, நடவுப்பெண்கள் பாடியவை, சாவு வீட்டில் நம் தாய்மார் கட்டிய ஒப்பாரிகள், தவக்காலத்தில் இலங்கைத் திருத்தொண்டர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் (1676–1742) வியாகுலப் பிரசங்கத்தை ஊருக்கு ஊர் தனி இராகத்தில் இழுத்துப் பாடிய முறைகள் – இவற்றுள் பெரும்பாலானவற்றை எந்த ஊசியும் தொடவில்லை. பாடுபவர் ஒருவர் இறந்தால் ஒரு பாட்டு இறக்கிறது. இதைவிட அரிய தட்டு எந்தச் சந்தையில் உண்டு?

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் இசைத்தட்டு தோன்றுமுன்பே, 1889இல் அவர் மறைந்தார். அவர் குரல் நமக்கு இல்லை; ஆனால் அவருடைய கீர்த்தனைகள் இருக்கின்றன. காரணம், பாடியவர்கள் தொடர்ந்து பாடினார்கள். பாட்டைக் காப்பது பெட்டியன்று, வாய்.

இதனால்தான் நம் பங்குகளில் இன்று பரவிவரும் ஒரு பழக்கம் நமக்குக் கவலை தருகிறது. திருப்பலியில் பாடகர் குழுவுக்குப் பதிலாகப் பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிடுகிறார்கள். மக்கள் வாயடைத்து நிற்கிறார்கள். 1958 செப்டம்பர் 3ஆம் நாள் உரோமை வெளியிட்ட திருஇசை பற்றிய அறிவுரை, வழிபாட்டுச் செயல்களில் கிராமபோன் முதலிய கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்று விலக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தந்த திருவழிபாட்டுச் சட்டம், மக்கள் பாடி முழுமையாகப் பங்குபெறுவதையும், அந்தந்த இனத்தாரின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிப்பதையும் வலியுறுத்தியது. இவை பழைமையில் ஊறியோரின் தடைகள் அல்ல. இறைவன் கேட்பது பிழையற்ற ஒலியையன்று; கூடியிருக்கும் இந்த மக்களின் குரலை. தொண்டை கட்டிய ஆறுமுகம் அண்ணனும் சுருதி விலகும் அந்தோணியம்மாளும் பாடும் பாட்டுக்கு ஈடாக எந்தத் தட்டையும் பீடத்தின்முன் வைக்க முடியாது.

ஆகவே, பழைய தட்டை நேசிப்போரை நாம் தடுக்கவில்லை. திருவிழா மாலையில் ஞானசௌந்தரியின் பாட்டைப் போடட்டும். முதியோர் கண் கலங்கட்டும். அத்துடன் ஒரு பணியும் செய்யட்டும். தவக்காலத்திற்குமுன் ஊரிலுள்ள மூத்த தாய்மாரிடம் இரண்டு இளைஞரை அனுப்பட்டும். இப்போது எல்லார் கையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. பாட்டைப் பதியட்டும், பாடியவர் பெயரை மறைக்காமல் எழுதட்டும். பதிந்ததோடு நில்லாமல், பக்கத்தில் அமர்ந்து அதைப் பாடவும் கற்கட்டும். வரும் பெரிய வெள்ளியன்று அந்த இராகம் அந்த இளைஞர் வாயிலிருந்தே ஆலயத்தில் ஒலிக்கட்டும்.