ஜோஷ்னான்னா சும்மாவா!

ஜோஷ்னா சின்னப்பா ஆடுறதை நேர்ல பார்த்திருக்கீங்களா? டிவியில இல்லைங்க, நேர்ல! பார்க்கலையா? அப்போ இதைக் கேட்டே ஆகணும்.

2025 டிசம்பர் 14, ஸ்குவாஷ் உலகக்கோப்பை ஃபைனல். பண்ருட்டியிலேர்ந்து விடிகாலை பஸ் பிடிச்சு ஓடினேன். சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள்ள கண்ணாடியிலேயே ஒரு கோர்ட். நினைச்சுப் பாருங்க, அந்தப் பக்கம் ஜனங்க துணிக்கடைப் பையோட நடந்து போறாங்க, இந்தப் பக்கம் கண்ணாடிக்குள்ள நம்ம சென்னைப் பொண்ணு! பந்து சுவர்ல மோதுற ஒவ்வொரு சத்தமும் என் நெஞ்சுக்குள்ள விழுது.

எதிர்ல ஹாங்காங். முதல் மேட்சே ஜோஷ்னாவுக்கு. வயசு 39, ரேங்கிங் 79. எதிரே நின்ன லீ கா யீ 37ஆவது இடம். ஒரு கேமுக்கு 7 பாயின்ட்தான், கண்ணை மூடித் திறந்தா போச்சு! முதல் கேம் 7-3 நமக்கு. ரெண்டாவது 2-7. எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துப்போச்சு. மூணாவது இழுத்துப் பறிச்சு 7-5. அப்புறம் நாலாவது, அடேயப்பா, 7-1! பக்கத்துல யாருன்னே தெரியாது, அவர் தோளைப் பிடிச்சு உலுக்கிக்கிட்டு நான் குதிக்கிறேன், அவரும் குதிக்கிறாரு!

கால் முன்ன மாதிரி ஓடலைன்னு சிலர் சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும். 2005ல பிரிட்டிஷ் ஜூனியர் ஓபனை ஜெயிச்ச பொண்ணுங்க இது, 2014ல கிளாஸ்கோவுல தீபிகா பள்ளிக்கலோட சேர்ந்து டபுள்ஸ் தங்கம், காமன்வெல்த் போட்டியில ஸ்குவாஷுக்கு நாம வாங்கின முதல் மெடலே அதுதான், 2017ல இதே சென்னையில ஆசிய சாம்பியன், தேசியப் பட்டம் மட்டும் 18, அதுக்கெல்லாம் மேல 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி அரையிறுதி இருக்கே, எட்டு தடவை உலக சாம்பியனான நிகோல் டேவிட்டை, முதல் ரெண்டு கேமை எடுத்து அடுத்த ரெண்டை விட்டு, அஞ்சாவதுல 11-9னு சாய்ச்சாங்களே, அதை நினைச்சா இப்பவும் எனக்குப் புல்லரிக்குதுங்க!

அன்னிக்கு ஃபைனல்ல ஜோஷ்னா போட்டுக் கொடுத்த பாதையில அபய் சிங் வந்து ஜெயிச்சாரு, பின்னாடியே 17 வயசு அனாஹத் சிங். ஜோஷ்னா 2005ல அந்த ஜூனியர் கோப்பையைத் தூக்கினப்போ அனாஹத் பிறக்கவே இல்லை! இப்போ ரெண்டு பேரும் ஒரே டீம்ல! 3-0, உலகக்கோப்பை முதல்முறையா இந்தியாவுக்கு! கத்திக் கத்தி என் தொண்டையே கட்டிப்போச்சு. அடுத்த தடவை சென்னையில ஆட்டம்னா கிளம்பி வாங்க, சேர்ந்தே போவோம்!