தலைக்கவசமும் கொந்தராத்தும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வீதியில், கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் நிற்கிறது. 1829 இல் இறந்த கப்டன் டோசன் என்னும் பொறியியலாளரின் ஞாபகார்த்தமாக 1832 இல் எழுப்பப்பட்டது அது. பார்ன்ஸ் தேசாதிபதியின் காலத்தில் அவ்வீதியை வகுத்தவர் அவர். வெட்டியவர்களோ இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு இழுத்து வரப்பட்ட குடிமக்கள். அவ்வூழியம் சட்டப்படி ஒழிக்கப்பட்டதும் அதே 1832 இல்தான். கோபுரம் பொறியியலாளருக்கு எழுந்தது. பாறையைக் குடைந்தவர் எத்தனை பேர், மாண்டவர் எத்தனை பேர் என்பதை அது சொல்வதில்லை.

வீதி வேலைத்தலங்களின் பாதுகாப்புப் பற்றி இந்நாளில் வெளிவரும் ஆய்வுகள் பலவற்றை வாசிக்கும்போது அக்கோபுரம் நம் நினைவுக்கு வருகிறது. அங்கே இல்லாத தொழிலாளி இங்கே இருக்கிறான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் இருக்கிறான். அவன் விழிப்புணர்வு அற்றவன், கவசம் அணிய மறுப்பவன், பயிற்சி போதாதவன். வினாக்கொத்து அவன் கையில் கொடுக்கப்படுகிறது. எந்த விலைக்குக் கொந்தராத்து எடுக்கப்பட்டது, எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற வினாக்கள் அதில் அரிதாகவே காணப்படுகின்றன.

விஞ்ஞானம் இதைச் சொல்லவில்லை என்பதே வேடிக்கை. முதலில் ஆபத்தை அகற்று. இயலாவிடில் தடுப்பு எழுப்பு. பின்னர் வேலைமுறையைத் திருத்து. உடைக்கும் கவசத்துக்கும் கடைசி இடம். பாதுகாப்பியலின் பால பாடம் இது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1988 ஆம் ஆண்டுக் கட்டட வேலைப் பாதுகாப்புச் சமவாயமும், வேறு வழிகளால் போதிய காப்பு இல்லாதபோது கவசம் வேண்டும், அதைத் தொழில் கொள்வோன் இலவசமாகத் தரவேண்டும் என்றே கூறுகிறது.

கடுகண்ணாவை ஏற்றத்தின் ஒரு வளைவை எண்ணிப் பார்ப்போம். வளைவுக்கு அப்பால் கொடியோடு ஒருவன் நிற்கிறான். சாரதி கண்டு, உணர்ந்து, தடையை மிதிக்க இரண்டரை வினாடி என்று வீதிப் பொறியியல் கணக்கிடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கும் பஸ்வண்டி அதற்குள் 35 மீற்றர் ஓடிவிடும்; ஈரத்தில், இறக்கத்தில், நிற்பதற்கு இன்னும் தூரம் வேண்டும். அவன் அணிந்த மேலங்கியோ வெளிச்சம் பட்டால்தான் ஒளிரும். மலைச்சுவர் மறைக்கும் இடத்தில் வெளிச்சம் எங்கிருந்து படும்? வளைவுக்கு வெகு முன்னரே அறிவிப்புப் பலகை வேண்டும், வேகம் குறைக்கப்பட வேண்டும், உறுதியான தடுப்பு வேண்டும், தேவையானால் ஒரு பக்கப் போக்குவரத்தையே நிறுத்த வேண்டும். இவை எல்லாம் பணம், நாள். மேலங்கி மலிவு! ஆய்வும் மலிவானதையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறது.

பயிற்சி வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. ஆனால் நாட்கூலிக்கு வந்தவன், வேலையை நிறுத்தினால் நாளை அழைக்கப்படமாட்டான் என்று அறிந்தவன், கற்ற பாடத்தை எவ்வாறு கைக்கொள்வான்? அவனுக்கும் வேலை தந்தவனுக்கும் இடையே நிற்கும் உப கொந்தராத்துக்காரர் எத்தனை பேர்?

பேராதனையில் பொறியியல் பயிலும் மாணவர் இத்துறையில் ஆராயப் புகுந்தால், வினாக்கொத்தை நீட்டுமுன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வளைவிலிருந்து கொடிக்காரன் நிற்கும் இடம்வரை அளக்கட்டும். பின்னர் கொந்தராத்தின் விலைப்பட்டியலை வாங்கி, எச்சரிக்கைப் பலகைக்கும் தடுப்புக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கட்டும்.